வயது வந்த பிறகு கராத்தே: முன்னேறும் ஆசையும் தன்னை ஏற்றுக்கொள்வதும் - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வயதுக்கு மேல் கராத்தே கற்க வருகிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். கராத்தேயின் பிரிவுகளில் ஒன்றான ஷோட்டோகான் வழி. ஐ.டி. வேலை பார்ப்பவர்கள், டீச்சர்கள், கடை வைத்திருப்பவர்கள், பிள்ளையை விட்டுப்போக வந்து தாங்களும் சேர்ந்துகொண்ட அம்மாக்கள் என்று பலரும் இருக்கிறார்கள். குத்தையும் உதையையும் பற்றி அவர்கள் கேட்பதைவிடத் தங்களைப் பற்றிக் கேட்பதுதான் அதிகம். இன்னும் நன்றாக வர வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம், நம்மால் இவ்வளவுதான் என்ற சோர்வு ஒரு பக்கம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை.

எனக்கு 38 வயது. எவ்வளவு முயன்றும் உதை இடுப்புக்கு மேல் போகவில்லை. நான் கராத்தேக்கு லாயக்கில்லையா?

லாயக்குதான். தலை உயரத்துக்கு வீசும் உதையைத்தான் சினிமாவும் போட்டி வீடியோக்களும் கராத்தே என்று காட்டுகின்றன. கராத்தே பிறந்த ஜப்பானின் ஒகினாவாத் தீவில், பழைய கராத்தேயில் உதைகள் பெரும்பாலும் தாழ்வானவை. ஷோட்டோகானை நிறுவிய ஃபுனாகோஷி கிச்சினின் மகன் யோஷிதாகாதான் 1930களில் நிற்கும் நிலைகளை ஆழமாக்கி, உதைகளை உயர்த்தியவர். கட்டா என்பது வரிசைப்படுத்திய அசைவுகளின் தொகுப்பு. நாம் முதலில் படிக்கும் ஹெயான் கட்டாக்கள் ஐந்திலும் தேடிப் பாருங்கள், மவாஷி கேரி என்ற பக்கவாட்டில் சுழற்றும் உதை ஒன்றுகூட இருக்காது. உயரமான உதை வராவிட்டால் கராத்தேயே வராது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உடம்பு. உதை உயர்வதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் தடுக்கும். ஒன்று தசை இறுக்கம். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு இடுப்பின் முன்தசையும் தொடையின் பின்தசையும் இறுகிக் கிடக்கும். மாதக்கணக்கில் பொறுமையாக நீட்டிப் பழகினால் இது இளகும். இன்னொன்று இடுப்பு மூட்டின் எலும்பு அமைப்பு. தொடை எலும்பின் பந்து போய் உட்காரும் குழி சிலருக்கு ஆழமாக இருக்கும், சிலருக்கு அது பார்க்கும் திசை வேறாக இருக்கும். அதை எந்த ஸ்ட்ரெச்சிங்கும் மாற்றாது. நீட்டும்போது தொடையின் பின்பக்கமோ உள்பக்கமோ இழுத்தால் பெரும்பாலும் தசைதான், நேரம் கொடுங்கள். இடுப்பு மடிப்பில், மூட்டுக்குள்ளே ஏதோ முட்டுவது போல இருந்தால் அந்த இடத்தோடு நிறுத்துங்கள்.

வயிற்று உயரத்துக்கு மட்டும் மவாஷி கேரி போடும் ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார். முழங்கால் முதலில் உயரும், இடுப்பு திரும்பும், போன வேகத்திலேயே கால் மடங்கித் திரும்பும், அடுத்த நொடி அவர் நிலையாக நிற்பார். காலைத் தலைக்கு எறிந்துவிட்டுத் தடுமாறுகிறவரின் உதையைவிட இதையே நான் மேலானது என்பேன்.

என்னை இப்படியே ஏற்றுக்கொண்டால் சோம்பேறியாகிவிட மாட்டேனா?

இந்தப் பயம் எல்லாருக்கும் இருக்கிறது. தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தால்தான் முன்னேற முடியும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் பழகிவிட்டது. நான் பார்த்தவரை நடப்பது நேர் எதிர். தன் உடம்பை ஏற்காதவர் வேறு யாருடைய உடம்புக்கோ ஆன பயிற்சியைச் செய்கிறார். இருபது வயதில் தனக்கு இருந்த உடம்பு, அல்லது முன்வரிசையில் நிற்கும் பையனின் உடம்பு. அந்த உடம்பு இன்று வகுப்புக்கு வரவில்லை. வந்திருக்கும் முழங்காலும் இடுப்பும்தான் அடி வாங்குகின்றன. சில மாதத்தில் வலி தொடங்கும், அப்புறம் விடுப்பு, பிறகு ஆள் வருவதே இல்லை.

ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு இருபது விதிகள் எழுதினார். முதலில் உன்னை அறி, பிறகு பிறரை அறி என்பது அதில் ஒன்று. கராத்தே வெந்நீர் போன்றது, சூடு கொடுத்துக்கொண்டே இருக்காவிட்டால் ஆறிப்போகும் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே பட்டியலில்தான் இருக்கின்றன. தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று தெரிந்தால்தானே எவ்வளவு தீ வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்?

எதை ஏற்பது, எதை ஏற்கக் கூடாது என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி போய்விடும். வயது, எலும்பு, பழைய காயம், வேலை நேரம், நேற்று இரவு தூங்கிய தூக்கம் எல்லாம் ஏற்க வேண்டியவை. முன்னே அடி வைக்கும்போது பின்காலின் குதிகால் தரையை விட்டு எழும்புவது, குத்தும்போது மற்றக் கையை இடுப்புக்கு இழுக்க மறப்பது, எண்ணிக்கை முடிவதற்குள் தளர்ந்துவிடுவது, இவற்றை ஏற்க வேண்டியதில்லை. இவை பெரும்பாலும் கவனக் குறைவால் வருகின்றன, கவனம் எந்த வயதிலும் கூடும்.

தன்னை ஏற்பதா, சாக்கா என்ற சந்தேகம் வந்தால், அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். "என் முழங்கால் இவ்வளவுதான் மடங்கும்" என்று சொன்னவர், அந்த அளவுக்குள் நிலையைச் சரியாக நிறுத்தப் பாடுபட்டால் அவர் தன் உடம்பை ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதையே சொல்லிவிட்டு ஓரமாகப் போய் போனை எடுத்தால் அது சாக்கு.

ஆறு மாதமாக ஹெயான் ஷோதான் கட்டாவிலேயே நிற்கிறேன். இது தோல்வி இல்லையா?

ஐந்து ஹெயான்களில் முதலாவதான ஷோதானில் 21 அசைவுகள்தான். வரிசையை இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். அதனால்தான் ஆறு மாதம் நீளமாகத் தெரிகிறது.

ஃபுனாகோஷி 1868இல் ஒகினாவாவின் ஷுரியில் பிறந்தவர். குறைமாதக் குழந்தை, நோஞ்சான். உடம்பு தேற வேண்டும் என்றுதான் கராத்தேக்கு வந்தார். டெக்கி எனப்படும் மூன்று கட்டாக்களைக் கற்க அவருக்கு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கட்டாக்கள் பார்வைக்கு மிக எளிமையானவை. ஒரே கோட்டில் இடமும் வலமுமாக நகர்வதுதான், குதிப்பதும் இல்லை, சுழல்வதும் இல்லை. ஆசிரியர் போதும் என்று சொல்லும்வரை அதையே செய்தார்.

நீங்களும் பத்து ஆண்டு நில்லுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன் கட்டா செய்யும்போது உங்கள் மனதில் என்ன ஓடியது? அடுத்து இடமா வலமா என்பதாகத்தான் இருந்திருக்கும். இப்போது இடுப்பு திரும்புகிறதா, மூச்சு எங்கே விடுகிறேன் என்று யோசிக்கிறீர்கள் என்றால் நகர்ந்திருக்கிறீர்கள். இன்னும் இடமா வலமாதான் ஓடுகிறது என்றால், வகுப்பு மட்டும் போதவில்லை, வீட்டிலும் தினம் ஒருமுறை செய்யுங்கள். அவ்வளவுதான்.

என் மகனும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவன் பச்சை பெல்ட், நான் இன்னும் மஞ்சள். கூச்சமாக இருக்கிறது.

சிறுவர்களின் உடம்பு இலேசு, மூட்டுகள் இளக்கம், இரவில் நன்றாகத் தூங்குகிறார்கள், தவறு செய்தால் வெட்கப்படாமல் அடுத்ததற்குப் போகிறார்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கும் ஒரு வசதி உண்டு. ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்று ஒருமுறை புரிந்துவிட்டால் அதைத் தாங்களே திருத்திக்கொள்ள முடியும். பத்து வயதுப் பிள்ளைக்கு அதையே பல மாதம் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டில் மகனிடம் கட்டாவின் அடுத்த பகுதியைச் சொல்லித் தரச் சொல்லுங்கள். அவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. உங்களுக்கும் கூச்சம் சீக்கிரம் போய்விடும்.

பெல்ட் டெஸ்டில் தேறவில்லை. கட்டிய பணமும் போச்சு, மனசும் போச்சு. பெல்ட்டைப் பற்றிக் கவலைப்படவே கூடாதா?

கவலைப்படுவது இயல்பு. பெல்ட் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அந்தக் கவலைக்கு ஒரு அளவு வரும். ஒகினாவாவில் கராத்தே பழகியவர்களுக்குப் பெல்ட்டே கிடையாது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்ற தன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் தன் மாணவர்களுக்கு 'தான்' எனப்படும் தேர்ச்சிப் படிகளைக் கொடுத்தார். கருப்பு பெல்ட் அதிலிருந்து வந்தது. ஃபுனாகோஷி அந்த முறையை எடுத்துக்கொண்டு 1924இல் முதல் கருப்பு பெல்ட்களை வழங்கினார். மஞ்சள், பச்சை, நீலம் என்ற இடைநிறங்கள் ஜூடோ ஐரோப்பாவில் பரவியபோது வந்தவை, மாணவர்கள் ஊக்கம் இழக்காமல் இருக்க. அந்த நிறமே நம் ஊக்கத்தைக் கெடுத்தால் அதன் வேலை தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம்.

தேர்வில் தேறாததை எப்படி எடுத்துக்கொள்வது? "நான் மோசம்" என்ற தீர்ப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள். தேர்வாளரிடமோ சென்செய் எனப்படும் ஆசிரியரிடமோ போய், எந்த இரண்டு விஷயத்துக்காக மதிப்பெண் போனது என்று கேளுங்கள். "கட்டா நன்றாக இருந்தது, ஆனால் கிபா தாச்சியில் (குதிரைமேல் அமர்ந்தது போன்ற நிலை) முழங்கால்கள் உள்ளே விழுகின்றன" என்பது போலப் பதில் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். காரணமே சொல்ல மாட்டேன், அடுத்த டெஸ்டுக்குப் பணம் கட்டு என்று மட்டும் சொல்லும் இடமாக இருந்தால் பிரச்சினை உங்களிடம் இல்லை.

அப்புறம், எல்லா டெஸ்டுக்கும் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு டெஸ்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறேன் என்று நீங்களே சொல்லலாம். நல்ல ஆசிரியர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

குமிதே (எதிராளியோடு மோதும் பயிற்சி) என்றாலே உள்ளுக்குள் நடுங்குகிறது. இந்தப் பயத்தை வென்றால்தான் நான் கராத்தேக்காரன் என்று நினைக்கிறேன். சரியா?

பயத்தை வென்ற பிறகு குமிதே செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. பயத்தோடு செய்யக்கூடிய அளவு எது என்று தேடுங்கள். ஷோட்டோகானில் அதற்கு ஏற்கெனவே வழி வைத்திருக்கிறார்கள். கோஹோன் குமிதேயில் எதிராளி ஐந்து அடி முன்னேறி ஐந்து தாக்குதல் தருவார். எங்கே அடிப்பார், எதால் அடிப்பார் என்பது முன்பே தெரியும். உங்கள் வேலை பின்வாங்கித் தடுத்து, கடைசியில் ஒரு பதிலடி. அது பழகியதும் ஒரே தாக்குதல் கொண்ட இப்போன் குமிதே. பிறகு தாக்குதல் தெரியும், ஆனால் நேரமும் தூரமும் தெரியாத ஜியு இப்போன். கட்டில்லாத குமிதே கடைசியில்தான். இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க வைத்ததால்தான் பலருக்குப் பயம் தங்கிவிடுகிறது.

பயமாக இருக்கிறது என்று ஜோடியாக நிற்பவரிடம் சொல்லிவிடுங்கள். "அண்ணா, கொஞ்சம் மெதுவாகப் போகலாமா?" என்று கேட்டதற்காக யாரும் மட்டமாக நினைக்க மாட்டார்கள். சொல்லாமல் மறைக்கிறவர்கள்தான் பதற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையை வீசி, எதிரில் நிற்பவரின் மூக்கை உடைக்கிறார்கள். ஜெயிப்பதை நினைக்காதே, தோற்காமல் இருப்பதை நினை என்று ஃபுனாகோஷியின் விதிகளில் ஒன்று உண்டு. பயப்படுகிறவருக்கு இது நல்ல வழி. அடிக்க வேண்டாம், தூரத்தைக் காப்பாற்றிக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள். முதல் சில மாதத்துக்கு அது போதும்.

வகுப்பில் வலித்தால் பொறுத்துக்கொள்வதா, நிறுத்துவதா?

வகுப்புக்கு அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தொடையும் வயிறும் பரவலாக வலித்தால் அது தசை வலி, தானே போகும், இலேசாக நடந்தால் சீக்கிரம் போகும். மூட்டில், ஒரு புள்ளியில், குத்துவது போல வந்தால் உடனே நிறுத்துங்கள். வீங்கினாலோ, முழங்கால் மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ, ஊன்றி நிற்க முடியாமல் வழுக்கினாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

நாற்பதை ஒட்டியவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: தசை பலப்படும் வேகத்தில் தசைநாண்கள் பலப்படுவதில்லை. இரண்டு மாதத்தில் தெம்பு வந்துவிட்டது போலத் தோன்றும், குதிகால் நாணும் முழங்கால் நாணும் இன்னும் தயாராகியிருக்காது. அந்தச் சமயத்தில்தான் ஆர்வம் தாங்காமல் பயிற்சியை இரட்டிப்பாக்குவார்கள். ஆசைக்கு அணை போட வேண்டிய மாதங்கள் அவை.

ஜென்குட்சு தாச்சியில், அதாவது முன்காலை மடக்கி நிற்கும் நிலையில், முன் முழங்கால் உள்பக்கம் சாயாமல், கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே மடங்க வேண்டும். அப்படி நிறுத்த முடியாத அளவுக்கு நிலை ஆழமாக இருந்தால் நிலையை உயர்த்துங்கள். நிலையைத் தாழ்த்துவது தொடக்கக்காரருக்கு, பிறகு இயல்பான நிலை என்று ஃபுனாகோஷியே எழுதியிருக்கிறார்.

பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறேன். முன்பு பழுப்பு பெல்ட். இப்போது சின்னக் குதிப்புக்கே உடம்பு ஒத்துழைக்கவில்லை. அழுகை வருகிறது.

அழுகை வந்தால் அழுங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை. உங்கள் உடம்பு ஒரு வருடமாகச் செய்த வேலை எந்தப் பெல்ட் டெஸ்டையும்விடப் பெரியது.

வயிற்றுத் தசைகள் நடுவில் விலகியிருக்கலாம், இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கும். இருமும்போதோ குதிக்கும்போதோ சிறுநீர் கசிவது பல பெண்களுக்கு நடக்கிறது, வெளியே சொல்வதில்லை. சொல்லுங்கள். மகப்பேறு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டினால் பயிற்சிகள் தருவார்கள், பெரும்பாலும் நன்றாகத் தேறும். ஓடுவது, குதிப்பது போன்றவற்றைச் சுகப்பிரசவமானாலும் பொதுவாக மூன்று மாதத்துக்கு முன் தொடங்க வேண்டாம் என்கிறார்கள். சிசேரியன் என்றால் மருத்துவர் சொல்லும்வரை வயிற்றை அழுத்தும் எதுவும் வேண்டாம்.

அதுவரை கட்டாவை நடந்துகொண்டே செய்யலாம். கை அசைவுகள், திசை, மூச்சு, பார்வை எல்லாம் வந்துவிடும். பழுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு மெதுவாகச் செய்ய வெட்கமாக இருக்கிறது என்று ஒரு சகோதரி என்னிடம் சொன்னார். அவர் கட்டாவை அப்படி மெதுவாகச் செய்வதைப் பார்த்துத்தான் என் வகுப்பில் பலர் முதல்முறையாக நான்காவது ஹெயான் கட்டாவான யோண்டானின் தொடக்கத்தைப் புரிந்துகொண்டார்கள்.

சென்செய் எல்லார் முன்னாலும் என் தவறைச் சுட்டிக்காட்டுகிறார். இதையும் ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

தவறைச் சொன்னாரா, உங்களைச் சொன்னாரா என்று பாருங்கள். "தோள் உயர்கிறது, இறக்கு" என்பது திருத்தம். நூறு பேர் முன்னால் சொன்னாலும் அது உங்களுக்குக் கிடைத்த பரிசு. "உன்னை மாதிரி குண்டாக இருந்தால் எப்படி வரும்?" என்பது அவமானம். வெள்ளைச் சீருடையும் வணக்கமும் அதை நியாயப்படுத்தாது. கராத்தே மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிகிறது என்பது ஃபுனாகோஷியின் முதல் விதி. அது மாணவருக்கு மட்டும் எழுதியது இல்லை. ஒருமுறை தனியாகப் பேசிப் பாருங்கள், மாறவில்லை என்றால் வேறு வகுப்பு தேடுங்கள். பொறுத்துக்கொள்வதைப் பணிவு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இதைப் பெண்களுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அழுத்தமாகவே சொல்கிறேன்.

நான் செய்வதை வீடியோ எடுத்துப் பார்த்தால் மனசு விட்டுப்போகிறது.

மாதம் ஒருமுறை எடுங்கள், தினமும் வேண்டாம். பார்க்கும் முன்பே எதைப் பார்க்கப் போகிறேன் என்று முடிவு செய்யுங்கள்: இந்த மாதம் பின் குதிகால் மட்டும். தொப்பையும் வழுக்கையும் அந்த மாதத்துப் பாடத்தில் இல்லை.

இந்த வயதில் போட்டிக்குப் போக ஆசைப்படுவது பேராசையா?

இல்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டாவில் தங்கம் வென்ற ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது 39 வயது. அவர் சிறு வயது முதலே பழகியவர், அதையும் மறக்க வேண்டாம். உங்கள் வயதுப் பிரிவு இருக்கும் மாவட்டப் போட்டி ஒன்றில் கட்டா செய்து பாருங்கள். முதல் சுற்றிலேயே வெளியேறலாம். தெரியாத நடுவர் முன்னால் கால் நடுங்க ஒரு கட்டாவை முடிப்பது எப்படி இருக்கும் என்று அதற்குப் பிறகு உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் என் இலக்கு என்னவாக இருக்க வேண்டும்?

அதை நான் சொல்ல முடியாது. ஃபுனாகோஷியின் ஆசிரியர்களில் ஒருவரான இடோசு அன்கோ, ஒகினாவாப் பள்ளிகளில் கராத்தேயைக் கொண்டுவரப் பாடுபட்டவர். 1908இல் அவர் பத்துக் குறிப்புகள் கொண்ட ஒரு கடிதம் எழுதினார். செய்யும் பயிற்சி உடலை வளர்ப்பதற்கா, பயன்படுத்துவதற்கா என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு பழக வேண்டும் என்கிறது அதில் ஒரு குறிப்பு. நூறு வருடம் கழித்தும் என் வகுப்பில் பாதிப் பேர் இதைத் தீர்மானிக்காமல்தான் வருகிறார்கள். சர்க்கரை அளவு குறைய வேண்டும் என்று வந்தவர், பக்கத்தில் போட்டிக்குத் தயாராகும் இளைஞனோடு தன்னை ஒப்பிட்டு நொந்துபோகிறார். இருவரும் செய்வது ஒரே மாயே கேரிதான் (முன்னோக்கிய உதை), தேவை வேறு. சர்க்கரைக்காக வந்தவர் வாரத்தில் மூன்று நாளும் வியர்க்க வந்தாலே தன் இலக்கில் இருக்கிறார். உயரம், வேகம், பெல்ட் எதுவும் அவர் கணக்கில் இல்லை. பிறகு அவருக்கே கட்டாவில் பிடிப்பு வந்தால் இலக்கை மாற்றிக்கொள்ளட்டும். நிறையப் பேருக்கு அப்படி வந்திருக்கிறது.

எட்டு மாதம் வரவில்லை. இப்போது வர ஆசை, முகத்தை எப்படிக் காட்டுவது?

கதவைத் திறந்து வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். ஏன் வரவில்லை என்று விளக்கம் வேண்டாம், எந்த ஆசிரியரும் ஹாஜர் புத்தகத்தோடு காத்திருப்பதில்லை. பழைய பெல்ட்டையே கட்டுங்கள். காயமோ மருந்தோ ஏதாவது இருந்தால் அதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் உதைகளைப் பாதி எண்ணிக்கையில் நிறுத்துங்கள், நிலையை உயரமாக வையுங்கள். மூன்றாவது வாரம் பழைய கட்டா ஒன்றை மட்டும் எடுங்கள். மறந்த இடத்தில் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் செய்யுங்கள், அதற்காகத்தான் வரிசையாக நிற்கிறோம். திங்கள், புதன், வெள்ளி மாலை ஆறரைக்கு வகுப்பு. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.